ஒன்பதாம் மாதிரி

தார்த்து நகரில் ஒரு பேட்டை முழுக்க
தெருக்களுக்குக் காய்கறிப் பெயர்.
பட்டாணித் தெரு, அவரைத் தெரு.
நான் ஏணி சாய்த்திருப்பது
உருளைக்கிழங்குத் தெருவில் ஒரு மரவீடு,
மாடிப்படிக் கூடம்.

முதன்முதலில் இங்கே என்ன நிறம்?
பச்சை என்கிறார் சங்கச் செயலாளர் ஹில்லர்.
நீலம் என்கிறாள் கீழ்வீட்டு லெய்தா,
"நான் பிறந்ததே இந்த நீலத்துக்குள்தான்."
பந்தயம்
ஒரு ஜாடி வெள்ளரி ஊறுகாய்.

கடுகளவு போதும் எனக்கு.
கத்திமுனை மரத்தைத் தொடும்வரை இறக்கி
லேசாக நெம்பினால்
நூறு வருஷத்துக்கு மேல் ஒரு சில்லாகி
உள்ளங்கையில் விழும்.
தும்மக் கூடாது, அவ்வளவுதான்.

பிசினில் புதைத்து
மறுநாள் உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து
வெட்டுமுகம் பளபளத்ததும்
கண்ணாடிக்குக் கீழே வைக்கிறேன்.
ஈய வெள்ளை குருணை குருணையாய் இருக்கும்.
துத்தநாக வெள்ளை
ஊதாக்கதிர் பட்டால் இளம்பச்சையாய் விழிக்கும்.
தரைக்கு வாங்கி மிஞ்சியதைச்
சுவருக்கு அடித்த பழுப்பு ஒன்று,
அதன் கீழே முடி கனத்தில் கரிக்கோடு:
அடுப்புகள் எரிந்தன,
தூரிகையை யாரும் எடுக்கவில்லை.

எட்டு மாதிரிகள்.
எட்டிலும் பதின்மூன்று பூச்சு, அதே வரிசை.
பானைச் சோற்றுக்கு ஒரு சோறு என்று
அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஒன்பதாவது, லெய்தா வீட்டு நிலைக்கால்,
கண் உயரத்தில் எடுத்தது.
எட்டே பூச்சு.

முதலிரண்டும் சரி.
மூன்று முதல் ஏழு வரை இல்லை.
இரண்டின் மேல் நேராக
நீலம் உட்கார்ந்திருக்கிறது.

என் கத்தியைத்தான் சந்தேகித்தேன்.
திரும்பிப் போய் டார்ச்சைப்
பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால்
ஒரு விளிம்பு எழுந்தது.
கை நீளம், மூன்று விரல் அகலம்,
இரண்டு ஓரத்திலும்
திருகாணி இருந்த துளை.

பெயர்ப்பலகை.
ஐந்து முறை தூரிகை அதைச் சுற்றிப் போயிருக்கிறது.
யார் பெயர் என்று சொல்ல
பெயின்டுக்குத் தெரியாது.
ஐந்து பூச்சுக் காலம் இருந்தார்கள் என்று
இல்லாத பூச்சுகள் சொல்கின்றன.

இன்னொன்றும்.
கூடம் முழுக்க ஏழாம் பூச்சின் மேல் கரி உண்டு.
பலகை இருந்த இடத்தில் கரியே இல்லை.
கழற்றிய சூட்டோடு நீலம் வந்திருக்கிறது.
துளையை அடைக்கக்கூட நிற்கவில்லை,
உள்ளே வழிந்து
அப்படியே காய்ந்துவிட்டது.

படிவத்தில் 'முதல் நிறம்' என்றொரு கட்டம்.
சாம்பல் கலந்த காவி, எழுதினேன்.
ஒன்பதாவதுக்குக் கட்டம் இல்லை.

"அப்போ என் நீலம்?" என்றாள் லெய்தா.
எட்டாவது.
விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.
"நாங்கள் இங்கே வந்தது ஏப்ரலில்.
நான் அம்மா வயிற்றில்.
வரும்போதே அலமாரியில்
தட்டெல்லாம் இருந்ததாம், கழுவி அடுக்கி.
அம்மா சொல்வாள்."
பிறகு, ஊறுகாய் யாருக்கு என்று
ஹில்லரிடம் கேட்கப் போய்விட்டாள்.

போகும்போது கதவைச் சாத்தவில்லை.
உள்ளே அந்த அலமாரியா,
வேறு அலமாரியா,
ஒரு மூலை தெரிந்தது.
கத்தி என் பையில்தான் இருந்தது.
எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காவி வாளிகளோடு காரெல் வந்தான்.
நிலைக்காலில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்து
"இங்கே ரெண்டு ஓட்டை இருக்கே,
அடைச்சிடவா?" என்றான்.

நான் துளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சீக்கிரம் சொல்லுங்க,
புட்டி இறுகுது."